அப்பாவிடம் மட்டும் கேட்டு எழுதிய பாலிசி

ஒரே பையன், ஒரே கார், ஒரே வீடு. ஐந்து கம்பெனிகளிடம் கொட்டேஷன் கேட்டால் ஐந்து விலை வருகிறது. அப்படியென்றால் நான்கு கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் பிழை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் வேலைக்கு வந்த புதிதில் இதை நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் மாதத்திலேயே மூன்று கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டு, உங்கள் சிஸ்டம் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தப்பாகக் கணக்குப் போடுகிறது, தயவுசெய்து சரிபாருங்கள் என்று பணிவாகப் புகார் கொடுத்தேன். ஒருவர் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நடவடிக்கை எடுக்கப்போகிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவர்கள் ஆபீஸில் அன்றைய டீ நேரத்துக்கு நான்தான் பலகாரமாக இருந்திருப்பேன் என்பது பிறகுதான் புரிந்தது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2001இல் டெக்சஸின் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது அந்த வரிசையில் நானும் நின்றேன். அதற்கு முன் ஒன்பது வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரே இன்புட் கொடுத்தால் ஒரே அவுட்புட் வரவேண்டும், வராவிட்டால் எழுதியவனைப் போய்ப் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே தர்மம் அதுதான். ஒரு வருடத்துக்கு மேல் ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் பரீட்சை எழுதி, பாஸாகி, ரோட்டோரக் கடை வரிசையான ஒரு ஸ்ட்ரிப் மாலில், நகத்துக்குச் சாயம் பூசும் கடைக்கும் சமோசாக் கடைக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஏஜென்சியில் சேர்ந்தேன்.

அதை நடத்தியவர் கீழக்கரைப் பக்கத்துப் பெண்மணி. என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் பெயரை நான் எழுதக் கூடாது. எழுதினால் கேஸ் போடுவேன் என்று சொல்லியிருக்கிறார், போடக்கூடியவர்தான். நம்மூர்க் கஸ்டமர்கள் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. ஐம்பது வயதுக்காரர்கூட வழுக்கையைத் தடவிக்கொண்டே ஆன்ட்டி என்று கூப்பிடுவார். சொல்லுங்க தாத்தா என்று இவர் பதில் கொடுப்பார். நான் மேடம் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். அந்த அண்ணேவில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று வேலையை விட்ட நாள்வரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் புகார் விவகாரம் காதுக்குப் போனதும் அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அஞ்சு கம்பெனியும் ஒரே பையனைப் பாக்கல அண்ணே. ஒவ்வொருத்தனும் அவனுக்கு முன்னாடி சூடு வச்ச பையனைப் பாக்குறான்."

அதைவிடத் தெளிவாக யாரும் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை, அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்கு ஓட்டிய சரித்திரம் என்று ஒன்று கிடையாது. சரித்திரம் இல்லாத ஆளை எடை போட வேண்டுமானால், அவனைப் போல ஏற்கெனவே வந்துபோனவர்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி கல்லூரி ஊர்களில் நிறைய இழந்திருக்கும். அது கல்லூரி ஊரைக் கண்டாலே பின்வாங்கும். இன்னொன்று ஸ்போர்ட்ஸ் கார்களில் அடிபட்டிருக்கும். நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகள் மெதுவாகப் போகிறார்கள் என்று ஒரு கம்பெனி தன் அனுபவத்தில் கண்டிருக்கும், ரிப்போர்ட் கார்டு காட்டினால் விலையைக் குறைக்கும். மற்றொன்றுக்கு இந்த வருடம் இளைஞர்களே வேண்டாம். வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் விலையால் சொல்லும். பெற்றோரின் கிரெடிட் ஸ்கோர், வீட்டின் ஜிப் கோடு, எந்தக் காருக்குப் பிள்ளையின் பெயரைக் கட்டுகிறோம், டிரைவிங் ஸ்கூலுக்குப் போனானா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு தராசில் போடும். பயம் ஒன்றுதான். பயப்படும் இடம்தான் வேறு.

எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். தலைதான் ஆடியது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

2003 பிப்ரவரியில் மேடம் ஒரு நிக்காஹ்வுக்காக நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குப் போயிருந்தார். அந்த வாரம் திங்கட்கிழமை நடராஜ் சார் வந்தார். ஈரோட்டுக்காரர். பக்கத்து டெலிகாம் கம்பெனியில் ஆட்குறைப்பில் தப்பிப் பிழைத்தவர். விசா இன்னும் எச்-1தான், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். புது வீடு வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் கார்த்திக்குக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, பாலிசியில் சேர்க்க என்ன ஆகும் என்று கேட்டார். நான்கு கம்பெனிகளில் தட்டிக் காட்டினேன். நான்கும் நான்கு திசையில் நின்றன. மிகக் குறைந்ததைப் பார்த்தே அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவது கம்பெனியின் ஸ்கிரீனில் ஒரு கேள்வி இருந்தது. இந்த நபர் இந்தக் காரை ஓட்டுவாரா?

"பையன் வண்டி எடுப்பானா சார்?" என்று கேட்டேன்.

"என்ற பேச்ச மீற மாட்டானுங்க. காலேஜ் போறவரைக்கும் எடுக்காதேன்னா எடுக்க மாட்டான்."

ஓட்ட மாட்டார் என்று அழுத்தினேன். விலை பாதியாக விழுந்தது. பிழை இல்லாத ஒரே கம்பெனியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. கூடவே பிரிண்டரில் ஒரு காகிதம் வந்தது. எக்ஸ்க்ளூஷன் ஃபார்ம். இன்னார் இந்த வண்டியை ஓட்டும்போது என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று பாலிசிக்காரர் கையெழுத்துப் போடுகிற ஃபார்ம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார் என்று நீட்டினேன். அவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கோப்பை, மேடம் வந்ததும் பார்த்துப் பாராட்டட்டும் என்று அவர் மேஜையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பனி. டெக்சஸ் பனி என்பது வெள்ளையாகப் பூப்போல விழுகிற பனி இல்லை. மழையாக விழும், விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும். சாயங்காலம்தான் வரும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள், மத்தியானமே வந்துவிட்டது. முந்தின நாள் ஊர் திரும்பியிருந்த மேடம் அப்போதுதான் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி இருக்கும், நடராஜ் சார் எனக்கு ஃபோன் செய்தார். இன்ஷூரன்ஸ் விஷயமாக இல்லை. எங்கள் ஆபீஸில் டிவி இருப்பது அவருக்குத் தெரியும்.

"சும்மா கேக்கறேனுங்க. ரவுண்ட் ராக் போற வழி எப்படி இருக்குதுன்னு எதாச்சும் சொன்னாங்களா?"

யார் போகிறார்கள் என்று கேட்டேன்.

"பையன்தானுங்க. நாளைக்கு மச்சினன் வீட்ல வளைகாப்பு. வளையல் பெட்டியெல்லாம் இன்னைக்கே போய்ச் சேரணும்னு அவங்கம்மா ஒரு மணிக்கே கார்ல அனுப்பிட்டாளாம். எனக்கே இப்பத்தான் தெரியும். செல்லு வேற ஆஃப்ல இருக்குது."

"அவன் ஓட்ட மாட்டான்னு சொன்னீங்களே சார்."

"என்ற பேச்ச மீற மாட்டானுங்க. இது அவங்கம்மா பேச்சு."

அப்போதுதான் அந்த ஃபார்மை நான் முதல்முறையாக மனதுக்குள் படித்தேன். எதிரே வருகிற ஒரு குடும்பத்தின் மீது அந்தப் பையன் மோதினால், அவர்கள் ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து ஆயுள் முழுவதற்குமான நஷ்டஈடுவரை நடராஜ் சார் தலையில்தான் விழும். வீடு போகும். வழக்கு நடக்கும்போது இவருடைய விசா என்னவாகும் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை. இதற்கெல்லாம் ஃபார்மாலிட்டி என்று பெயர் வைத்தவன் நான்.

பதற்றத்தில் மனிதன் என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக, நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். காபியைப் பேனா ஸ்டாண்டில் ஊற்றினேன். பையனுடைய எண்ணை வாங்கி, அதற்குப் பதிலாக எங்கள் ஆபீஸ் எண்ணையே அழுத்தி, லைன் பிஸியாக இருக்கிறது, பையன் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான், உயிரோடுதான் இருக்கிறான் என்று அறிவித்தேன். மேடம் தன் மேஜையிலிருந்தே கையை நீட்டி என் ஃபோனைக் கீழே வைத்தார்.

மேடம் கூப்பிட்டதும் பத்து நிமிடத்தில் நடராஜ் சார் வழுக்கி வழுக்கி நடந்தே வந்து சேர்ந்தார். ஃபார்ம் என்றால் என்ன என்று மேடம்தான் அவருக்குச் சொன்னார். முதல் வாக்கியத்திலேயே, இது எங்க ஆபீஸோட தப்பு சார் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார். அண்ணனோட தப்பு என்று சொல்லவில்லை. நடராஜ் சார் ஈரக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று மரியாதையாகச் சொல்கிறேன். புது ஃபார்ம் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்து, மேடத்தின் காதருகே குனிந்தேன். "நேத்து தேதி போட்டு அவனைச் சேத்துடலாமா மேடம்? நேத்தே வந்து சொன்னார்னு வச்சுக்கலாம்."

"பேனாவைக் கீழ வைங்கண்ணே."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மூடியையும் போட்டுக் கீழே வைத்தேன். நாற்பது வருடம் பள்ளி நடத்திய தலைமை ஆசிரியர்கூட என்னிடம் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

அடுத்து அவர் செய்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நேராக அந்தக் கம்பெனியின் அண்டர்ரைட்டருக்கு, அதாவது யாரை ஏற்பது யாரை விடுவது என்று முடிவு செய்கிறவருக்கு, ஃபோன் போட்டார். எதையும் மூடி மறைக்கவில்லை. விலக்கி வைத்த பையன் இப்போது ரோட்டில் இருக்கிறான். தப்பு எங்களுடையது. ஏற்கெனவே எதிலாவது மோதியிருக்கிறானா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. இந்த நிமிடத்திலிருந்து அவனைச் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னதை மேடம் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். நடந்து முடிந்த விபத்துக்குக் காப்பீடு கிடையாது. ஆனால் பையன் தன் வாயால், வண்டி நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து ஏற்றுக்கொள்கிறேன். இளைஞர்களுக்கான முழு விலையில்.

மேடம் நடராஜ் சாரைப் பார்த்தார். "எவ்வளவுன்னு இப்பக் கேக்காதீங்க. வேணுமா, வேணாமா?"

"போடுங்கம்மா."

பையன் வேண்டுமே. ஒரு மணிக்குக் கிளம்பியவன், ஐ-35 ஹைவேயில் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஹைவே போலீஸைக் கூப்பிடலாம் என்றேன். எல்லாப் பாலத்திலும் வண்டிகள் சறுக்கிக் கிடக்கிற நாளில் போலீஸ் ஒரு வெள்ளி நிறக் காரைத் தேடாது என்று மேடம் சொன்னார். நடராஜ் சார் வீட்டுக்கு ஃபோன் செய்தார். அவர் மனைவி சுமதி அழுதுகொண்டே, தனியாகத்தான் போனான், எனக்கு வேறொன்றும் தெரியாது என்றார். மேடம் ரிசீவரை வாங்கினார். சுமதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பவித்ரா, பதினோரு வயதுத் தங்கை. ஃபோனை அவளிடம் கொடுத்து, அம்மாவைக் கொஞ்சம் அடுத்த அறைக்குப் போகச் சொன்னார்.

ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். மேடம் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். அண்ணன் தனியாகவா போனான்? சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், சொல்ல முடியாது என்றாள். நடராஜ் சார் வாயைத் திறந்தார், மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சத்தியத்த நீ உடைக்க வேணாம்மா. அண்ணன்கூட யாருன்னு நான் கேக்கல. அவங்க ஃபோன் நம்பர மட்டும் சொல்லு. அது சத்தியத்துல இல்லல்ல?"

அந்தப் பக்கம் யோசிக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டதுபோல இருந்தது. இல்லை என்றாள். பிறகு பத்து எண்களையும் மனப்பாடமாக ஒப்பித்தாள்.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள். பள்ளிக்கூட நண்பன் ஒருவன். அவனைக் கார்த்திக் அம்மாவுக்குத் தெரியாமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான், அவ்வளவுதான் ரகசியம். ஃபோன் கார்த்திக்கின் கைக்கு வந்தது. ஹில்ஸ்போரோ என்ற ஊரைக்கூட இன்னும் தாண்டவில்லை. முன்னால் போன டிரக் ஒன்று பாலத்தில் பக்கவாட்டில் சறுக்கியதைப் பார்த்திருக்கிறான். அடுத்த எக்ஸிட்டிலேயே இறங்கி, ஒரு பர்கர் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். நிறுத்தி முக்கால் மணி நேரமாகிறது. அவன் செல்லில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. நண்பனின் ஃபோனில் பேசினால் நண்பன் இருப்பது தெரிந்துவிடும் என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. அப்பா கோபமாக இருக்கிறாரா என்று முதலில் கேட்டான்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் அப்பாடா என்று பாலிசியை எழுதியிருப்பேன். மேடம் எழுதவில்லை. வெளியே போய்க் காரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றார். உறைமழையில் அந்தப் பிள்ளை போய்ச் சுற்றி வந்தான். பல் தந்தியடிக்கிற சத்தத்தோடு, நாலு பக்கமும் ஒன்றும் இல்லை ஆன்ட்டி, கண்ணாடியில்தான் ஐஸ் என்றான். யார் மேலாவது, எது மேலாவது பட்டதா? இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு மேடம் கடிகாரத்தைப் பார்த்து மூன்று ஐம்பத்திரண்டு என்று ஃபார்மில் எழுதினார். இன்னொரு லைனில் காத்திருந்த அண்டர்ரைட்டரிடம் அதே நிமிடத்தைச் சொன்னார். அவர் சரி என்றார். கார்த்திக் பாலிசிக்குள் வந்துவிட்டான்.

நடராஜ் சார் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நிறுத்தணும்னு அவனுக்குத் தோணுச்சு பாருங்க என்று மெல்லச் சொன்னார். எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பெரியவர்கள் ஒரு ஃபார்மில் கோட்டைவிட்டிருந்தோம், பதினேழு வயதுப் பையன் ஒரு டிரக்கைப் பார்த்துச் சரியான முடிவு எடுத்திருந்தான். எந்தக் கம்பெனியின் ஸ்கிரீனிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

மேடம் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "வண்டி யார் பேர்ல இருக்குன்னு அப்பாகிட்ட கேளுங்கண்ணே. சாவி எங்க மாட்டியிருக்குன்னு அம்மாகிட்ட கேளுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வேலை செய்த காலம் முழுவதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரிடமும் பேசாமல் ஒரு பாலிசிகூட எழுதவில்லை. ஐந்து விலை வந்தபோதெல்லாம், ஐந்து இடத்திலும் நான் ஒரே பதிலைத்தான் கொடுத்தேனா என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் கேள்விகளை ஒப்பிடுங்கள்.

அன்றைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என் தப்புக்குப் பரிகாரமாக, நடராஜ் சாரை நானே ஹில்ஸ்போரோவுக்குக் கூட்டிப்போய் மகனிடம் சேர்க்கிறேன் என்றேன். வேண்டாம், பிள்ளை சூடான இடத்தில் இருக்கிறான், ரோடு தெளிந்ததும் போங்கள் என்று மேடம் இரண்டு முறை சொன்னார். பதினோரு வருடமாக இந்த நாட்டில் ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது என்று நான் சொன்னேன். உண்மைதான். என் பாலிசிக்கு அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் நல்ல விலை வரும்.

ஒன்றரை மணி நேர வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடராஜ் சார் வழி முழுக்க மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏழரை மணிக்குப் பர்கர் கடை வாசலுக்குள் திருப்பினேன். வெள்ளிக் கார் ஒழுங்காகக் கோட்டுக்குள் நின்றது. கடைக்குள் கண்ணாடி ஓரத்தில் கார்த்திக்கும் நண்பனும் உட்கார்ந்து எங்களுக்குக் கையசைத்தார்கள். நானும் கையசைத்துவிட்டு பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, நடந்து போகிற வேகத்தில் சறுக்கிக்கொண்டே போய், நிறுத்தியிருந்த வெள்ளிக் காரின் பின்பக்கத்தில் முட்டியது.

அந்தப் பனியில் எங்கள் ஏஜென்சியில் பதிவான விபத்து அது ஒன்றுதான். தவறு முழுவதும் எதிர்த்தரப்பினுடையது என்று நடராஜ் சார் வண்டிக்கான க்ளெய்ம் ரிப்போர்ட்டில் மேடமே எழுதினார். எதிர்த்தரப்பு ஓட்டுநரின் வயது முப்பத்தெட்டு.